ஓர் அறையில் ஏற்றிய விளக்கு

அயலவர் சிலரை அழைத்து விசுவாசத்தைப் பற்றிப் பேச உமக்குத் தயக்கமா? புனித பிலிப்பு நேரியாரின் வாழ்வை அறிந்துகொள்ளும்.

1515இல் புளோரன்சில் பிறந்த இவர், இளமையிலேயே உரோமாபுரி சேர்ந்து, தெருவிலும் கடையிலும் இளைஞரோடு பழகி அவர்களை இறைவன்பால் ஈர்த்தார். 1551இல் குருவானார். பிற்பகல்களில் நண்பர்களைத் தம் அறைக்கு அழைப்பார். நல்ல நூலொன்றை வாசிப்பார்கள், கலந்துரையாடுவார்கள், செபிப்பார்கள். பொதுநிலையினரையும் பேசவைத்தார். அறை போதாமற்போகவே, கூட்டம் ஆலயத்தின் மேல்மாடத்துக்கு மாறியது.

மரணம், நரகம் என்றே பேசிவந்த பரோனியுஸ் என்னும் இளைஞரைத் திருச்சபை வரலாறு பேசும்படி பணித்தார். அவ்வுரைகளே பிற்காலத்தில் 12 பெருந்தொகுதிகளுக்கு வித்தாயின.

சோதனையும் வந்தது. புதுக்கூட்டம் சேர்க்கிறார் என்ற பழி எழ, 1559இல் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் அவருக்குச் சிலநாள் தடை விதிக்கப்பட்டது. முறுமுறுக்காது பணிந்தார், தடை நீங்கியது. 1575இல் பாப்பரசர் 13ஆம் கிரகோரியார் அச்சிறு கூட்டத்தை ஒரட்டோரியன் சபையாக அங்கீகரித்தார். 1595இல் பிலிப்பு இறைபதம் அடைந்தார்.

அவர் காட்டிய வழியில் கோவாவில் எழுந்த ஒரட்டோரியன் சபையிலிருந்தே, 1687இல் புனித யோசவ் வாஸ் அடிகளார் நம் நாட்டுக்கு வந்தார். அந்த அறையின் வெளிச்சம் நம் முற்றம்வரை எட்டியதன்றோ! உமது விறாந்தையிலும் நாலு கதிரைகளைப் போட்டுத் தொடங்கும்.