மலையேறும் ‘செயின் வண்டி’: யார் இந்த பெஞ்சமின் ஹோல்ட்? செயின் தொய்வை ஏன் தினமும் பார்க்கணும்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கனமழையில் மண்ணும் பாறையும் சரிந்து சாலையை மூடினால், அள்ளிப் போட வருவது பெரும்பாலும் ‘ஹிட்டாச்சி’. எந்த கம்பெனி தயாரித்த எந்திரமாக இருந்தாலும் நம்ம ஊரில் அதுக்கு அந்தப் பெயர்தான். இல்லைன்னா, ‘செயின் வண்டி’.

ஏலத்தோட்டச் சரிவின் ஈர மண்ணில் டயர் வண்டி சுழன்று நின்றுவிடும். செயின் வண்டியோ மெதுவாக ஊர்ந்து ஏறிவிடும். அந்தச் செயினைப் பட்டறையிலிருந்து சந்தைக்குக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் ஹோல்ட். இறந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவர் சந்தித்த சிக்கலைத்தான் இன்றைய ஆபரேட்டரும் தினமும் காலையில் குனிந்து பார்க்கிறார்.

மர வியாபாரக் குடும்பம்

1849 ஜனவரி 1, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கான்கார்ட் ஊரில் பிறந்தார் ஹோல்ட். வண்டி செய்யத் தேவையான மரத்தை அறுத்து விற்பது குடும்பத் தொழில். 1883-ல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, சகோதரர்களுடன் சேர்ந்து வண்டிச் சக்கரம் செய்யும் நிறுவனத்தை நடத்தினார். கணக்கு வழக்கு, விற்பனையைவிட அவருக்குப் பட்டறைதான் பிடித்த இடம்.

1886-ல் அவர் செய்த அறுவடை எந்திரத்தில் பல்சக்கரங்களுக்குப் பதிலாக இணைப்புச் செயின் ஓடியது. 1890-ல் நீராவி டிராக்டர். அதன் எடைதான் அடுத்த தலைவலி ஆனது.

சக்கரத்தைக் கழற்றிய மனிதர்

ஸ்டாக்டனைச் சுற்றி ஆற்றுப் படுகை நிலம். கரிய, வளமான, ஆனால் சொதசொதவென்று இருக்கும் மண். டிராக்டர் புதைந்தது. சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் எந்திரத்தின் மொத்த அகலம் 46 அடியைத் தொட்டது. அதை எந்தப் பாதையில் ஓட்டுவது?

கடைசியில் பின்சக்கரங்களையே கழற்றிவிட்டார். அந்த இடத்தில் 9 அடி நீளத்துக்கு, செயினில் மரப் பலகைகளைப் போல்ட் போட்டு மாட்டினார். 1904 நவம்பர் 24 அன்று நடந்த சோதனையில் எந்திரம் சேற்றில் புதையவில்லை.

லாஜிக் சிம்பிள். சேற்று வயலில் பரம்படிக்கும்போது பலகை மேல் ஆள் நின்றாலும் பலகை அமிழாது. எடை பரவிவிடும். ஹோல்ட் செய்தது, அந்தப் பலகையை முடிவில்லாமல் சுற்ற வைத்தது. வண்டி தன் சாலையைத் தானே விரித்து, தானே சுருட்டிக்கொண்டு போகிறது. அது ஊர்வதைப் பார்த்த புகைப்படக்காரர் ஒருவருக்குக் கம்பளிப்பூச்சி நினைவுக்கு வந்தது. அப்படிப் பிறந்த பெயர்தான் ‘கேட்டர்பில்லர்’.

செயின் யோசனை ஹோல்டுக்கு மட்டுமே சொந்தம் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஆல்வின் லாம்பார்ட் 1901-லேயே மரம் இழுக்கும் வண்டிக்கு இதே பாணியில் காப்புரிமை வாங்கியிருந்தார். இங்கிலாந்தில் ஹார்ன்ஸ்பி நிறுவனமும் முயன்றது. தொடர்ந்து விற்று, பழுது பார்த்து, திருத்தி, தொழிலாக நிலைநிறுத்தியதில்தான் ஹோல்ட் தனித்து நின்றார்.

மலையில் கற்ற பாடம்

1908-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்ப் பணிக்கு ஹோல்ட் எந்திரங்கள் போயின. பாலைவன மணல் பல்சக்கரங்களைத் தின்றது. கியர் வேகம் மலைப்பாதைக்கு ஒத்துவரவில்லை. பணியின் தலைமைப் பொறியாளர் கடும் அதிருப்தி அடைந்தார். ஹோல்ட் நிறுவனம் பழுது பார்ப்பவர்களை அனுப்பி, எது உடைகிறது என்று கவனித்து, வடிவமைப்பை மாற்றியது.

முதல் உலகப் போரில் பீரங்கிகளை இழுத்ததும் ஹோல்ட் டிராக்டர்கள்தான். பிரிட்டிஷ் டாங்கி யோசனைக்கும் அவை தூண்டுதல். 1920 டிசம்பர் 5-ல் ஹோல்ட் இறந்தார். 1925-ல் அவர் நிறுவனம், நீண்ட காலப் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனத்துடன் இணைந்து கேட்டர்பில்லர் கம்பெனி ஆனது.

சரி, தொய்வு ஏன் முக்கியம்?

செயின் ரொம்ப இறுக்கமாக இருந்தால் பின், புஷ், ஸ்ப்ராக்கெட், ஐட்லர் எல்லாம் சீக்கிரம் தேயும். டீசலும் கூடுதலாகக் குடிக்கும். ரொம்பத் தளர்ந்தால் திரும்பும்போது செயின் கழன்றுவிடும்.

சமதளத்தில் கழன்றால் அரை நாள் வேலை போகும். சரிவில் அப்படி இல்லை. வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பிரேக், ஸ்ப்ராக்கெட் வழியாகத்தான் செயினுக்குப் போகிறது. செயின் கழன்றால் அந்தப் பக்கத்துக்குப் பிடிமானமே கிடையாது. கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயமோ, ஜீப் பாதையோ இருக்கலாம்.

சரிபார்ப்பது எப்படி? உறுதியான சமதளத்தில், கையையும் பக்கெட்டையும் ஊன்றி ஒரு பக்கச் செயினைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். செயினைச் சுற்றவிட்டு மண்ணை உதிர்த்த பிறகு, நடுவில் எவ்வளவு தொங்குகிறது என்று அளக்க வேண்டும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும்.

இறுக்கணுமா? கிரீஸ் கன்னால் நிப்பிளில் கிரீஸ் ஏற்றினால், உள்ளே இருக்கும் சிலிண்டர் முன்பக்க ஐட்லரைத் தள்ளும். தளர்த்த, வால்வை மெதுவாகத் திறந்து கிரீஸை வெளியேற்ற வேண்டும். உள்ளே அழுத்தம் மிக அதிகம். பீய்ச்சியடிக்கும் கிரீஸ் தோலைத் துளைத்துவிடும். அதனால் வால்வுக்கு நேராக முகமோ கையோ இருக்கவே கூடாது. மொத்தமாகக் கழற்றவும் கூடாது.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். களிமண் ஸ்ப்ராக்கெட்டில் அடைத்துக்கொண்டால் செயின் தானாகவே இறுகும். காலையில் சரியாக இருந்த அளவு மதியம் தப்பாகிவிடும். அதனால்தான் சேற்று வேலைக்குக் கொஞ்சம் தளர்வாக வைப்பதும், வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டி எடுப்பதும்.

வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது, இந்தப் பத்து இருபது நிமிடம் பலருக்கு வீணாகத் தெரியும். அவசரப்படுத்துவது பெரும்பாலும் வண்டியை வாடகைக்கு எடுத்தவர், ஆபத்து ஆபரேட்டருக்கு. அடுத்த முறை உங்கள் நிலத்தில் செயின் வண்டி வேலை தொடங்கத் தாமதமானால், ஆபரேட்டர் கீழே குனிந்து என்ன பார்க்கிறார் என்று கவனியுங்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்தே வாடகை கொடுங்கள்.