நால்வகைப் படி அருளிய நல்லாசிரியர்

திருவரங்கம் பெரிய நகரில், ஐப்பசித் திங்கள் திருவோணத் திருநாளில், வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரராக அவதரித்தவர் பிள்ளை லோகாசாரியர். நம்பிள்ளையின் அருளால் பிறந்தமையின் அவ்வாசிரியரின் திருநாமமே இவருக்குச் சூட்டப் பெற்றது. ஆசார்ய ஹ்ருதயம் அருளிய அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இவருடைய திருத்தம்பியார்.

காட்டழகிய சிங்கர் சந்நிதியில் இம்மகான் சீடர்களுக்கு ரஹஸ்யார்த்தங்களை உபதேசித்து வந்தார். திருமந்திரம், த்வயம், சரமச்லோகம் ஆகிய மூன்றும் உய்வை விரும்பும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியவை. ஆயினும் கேட்போர் அனைவரும் ஒரு தரத்தினர் அல்லர். இவ்வுண்மையை உணர்ந்து ஆசிரியர் செய்த முயற்சியே அவருடைய பெருங்கருணைக்குச் சான்றாகும்.

முதலில் யாத்ருச்சிகப்படி என்னும் நூலை அருளினார். அது மிகச் சுருங்கியதாயிற்று. பின்னர்ப் பரந்தபடியை அருளினார். அது மிக விரிந்து, மனத்தில் கொள்ள அரிதாயிற்று. மூன்றாவதாக ச்ரிய:பதிப்படி தோன்றியது. அளவில் அது பொருந்தினும் வடசொற்கள் மிகுந்திருந்தமையால், பெண்டிர்க்கும் வடமொழி பயிலாதார்க்கும் எட்டாததாயிற்று. பண்டிதர்க்கு அது போதும். ஆசிரியரின் திருவுள்ளத்திற்கோ போதவில்லை. இம்மூன்று குறைகளும் நீங்க, நான்காவதாக முமுக்ஷுப்படியை அருளிச் செய்தார். 278 சூத்திரங்களில், சுருங்காமலும் விரியாமலும், தெளிந்த சொற்களால் மூன்று ரஹஸ்யங்களின் பொருளும் அதில் அமைந்தது. இவ்வரலாற்றை மணவாள மாமுனிகள் தம் வியாக்கியானத்தில் காட்டியருளுகிறார். நால்வகைப் படியிலும் பொருள் ஒன்றே. கேட்போர்க்கு ஏற்பச் சொல் மட்டுமே மாறிற்று. இவ்வாசிரியரின் கருணை குலமும் பாராதது. தாழ்ந்ததாக எண்ணப்பட்ட குலத்தில் தோன்றிய விளாஞ்சோலைப் பிள்ளையும் இவருடைய அந்தரங்க சீடராகி, ஸ்ரீவசன பூஷணத்தின் சாரத்தைச் ஸப்தகாதையாகப் பாடினார்.

1323-ஆம் ஆண்டில் துருக்கர் படை திருவரங்கத்தைச் சூழ்ந்தது. முதுமைப் பருவத்தினராயினும் லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். காடும் மேடும் கடந்து, மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். அவ்வேளையிலும் அவர் திருவுள்ளத்தில் நின்ற கவலை, ஸம்பிரதாயம் அற்றுவிடலாகாது என்பதே. மதுரையில் அரசாங்க அலுவலில் ஈடுபட்டிருந்த திருமலையாழ்வாரைத் திருத்தி இவ்வழிக்கு ஆக்குமாறு கூரகுலோத்தம தாசர் முதலிய சீடர்களைப் பணித்தருளினார். அத்திருமலையாழ்வாரே பின்னர்த் திருவாய்மொழிப் பிள்ளை எனப் புகழ்பெற்று, மணவாள மாமுனிகளுக்கு ஆசாரியரானார். நம்பெருமாளும் 1371-இல் திருவரங்கம் மீண்டார்.

நூலும் கோயிலும் அழியும் காலத்திலும், எளிய அடியார் நெஞ்சில் பதிந்த பொருள் அழிவதில்லை. உத்ஸவத்திற்கு வந்து கூடும் அடியார்கள், தமக்குப் புரியும் சொல்லைத் தேடித் தந்த இவ்வாசாரியரின் திருவடிகளைச் சிந்தித்து, திருமந்திரப் பொருளை இல்லத்தில் உள்ள சிறுவர்க்கும் எடுத்துரைத்து வாழ்வார்களாக.