காய்ந்த குச்சியைக் கட்டிய விஞ்ஞானி



செடி வளரும்போதே அதைப் பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஜகதீச சந்திர போஸ்.

இவர் 1858 நவம்பர் 30 அன்று, இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. இருந்தாலும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். விவசாயி, மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். நம்மைப் போலத்தான்!

இங்கிலாந்தில் படித்துவிட்டு 1885ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். வெள்ளைக்காரர்களை விட அவருக்குச் சம்பளம் குறைவு. அதனால் மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் கிடைத்தது.

1917ல் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். செடியின் வளர்ச்சியை அளக்க கிரெஸ்கோகிராப் என்ற கருவியைச் செய்தார். அதில் ஒரு நெம்புகோல் அசைவை 100 மடங்கு பெரிதாக்கும். அடுத்த நெம்புகோல் அதை மறுபடி 100 மடங்காக்கும். மொத்தம் 10,000 மடங்கு! புகை படிந்த கண்ணாடியில் கோடு விழும்.

நானும் வீட்டில் அவரைச் செடியில் நூல் கட்டி, ஈர்க்குச்சியை நெம்புகோலாக வைத்து, கரி பிடித்த கண்ணாடியை மெதுவாக நகர்த்தினேன். கோடு மேலும் கீழும் போனது. செடி வளருதுன்னு குதிச்சேன். அறிவியல் கண்காட்சியில் வைக்கலாம் என்றும் நினைத்தேன். ஆனால் எங்க வீடு ரோட்டோரம். களிமண் லாரி போனால் மேஜையே ஆடும். அப்படியானால் கோடு போட்டது செடியா, லாரியா?

போஸுக்கும் இந்தக் கேள்வி இருந்தது. வளர்ச்சி 10,000 மடங்கு பெரிதானால் அதிர்வும் அத்தனை மடங்கு பெரிதாகுமே! அதனால் சுவரில் கனமான தாங்கியைத் திருகி, அதன்மேல் கருவியை வைத்தார். அதோடு விடவில்லை. செடிக்குப் பதில் மெல்லிய காய்ந்த குச்சியைக் கட்டினார். செத்த குச்சி வளராது. அதனால் கோடு ஆடினால் அது அதிர்வுதான். அவருக்குக் கோடு நேராக வந்தது. செடி போட்ட கோட்டை நம்பலாம் என்பதற்கு அந்தக் குச்சிதான் சாட்சி.

நானும் காய்ந்த குச்சி கட்டினேன். அதே கோணல் கோடு வந்தது! வெட்கமாப் போச்சு. கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். இப்போது சுவரில் கனமான பலகை அடித்திருக்கிறேன். குச்சியின் கோடு நேரான பிறகுதான் செடியைக் கட்டுவேன்.

போஸ் 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் காலமானார். சோதனை செய்யும் நண்பர்களே, முதலில் ஒரு காய்ந்த குச்சியைத் தேடுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நல்லூர்