ஹேர்மன் ஹொலரித் (1860 - 1929)

மாணவர்களே, பசறையிலோ நமுனுகுலையிலோ தோட்டத்துச் செக்ரோலைக் கண்டிருப்பீர்கள். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். மாத முடிவில் கூட்டும்போது ஒரு கட்டம் விடுபட்டால் அம்மாவின் சம்பளத்தில் ஒரு நாள் குறையும். இவ்வாறு பதிவுகளைக் கணக்கெடுக்கும் வேலையை மின்சார இயந்திரத்திடம் ஒப்படைத்தவரே ஹொலரித் ஆவார்.

இவர் ஐக்கிய அமெரிக்காவின் பபலோ நகரில் 1860 பெப்ரவரி 29 இல் பிறந்தார். 1879 இல் கொலம்பியாவில் பட்டம் பெற்று, 1880 குடிசன மதிப்பீட்டில் பணியாற்றினார். அதன் விபரங்களைக் கையால் தொகுத்து முடிக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

ஹொலரித் ஒருவருக்கு ஓர் அட்டை வைத்தார். வயது, பால், தொழில் ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தில் துளையிட்டார். இன்றைய தரவுத்தளத்தில் அந்த அட்டை பதிவு. அந்த இடம் புலம். அட்டையை அழுத்தியதும் ஊசிகள் துளைகளினூடாக இரசத்தைத் தொடும். மின்சுற்று பூர்த்தியாகி, முகப்பிலுள்ள முள் ஓரிடம் நகரும். 1889 இல் காப்புரிமை கிடைத்தது. 1890 இல் ஆறு கோடிக்கு மேற்பட்டோரின் விபரங்கள் இம்முறையில் தொகுக்கப்பட்டன.

ஆனால் அந்த இயந்திரம் அட்டைகளை எண்ணியதே தவிர, அட்டையிலுள்ள தொகைகளைக் கூட்டவில்லை. 22 கிலோ கொழுந்தும் 5 கிலோ கொழுந்தும் அதற்கு ஒவ்வோர் அட்டைதான். புகையிரதக் கம்பனிக்கோ சரக்கின் நிறையும் கட்டணமும் கூட்டப்பட வேண்டியிருந்தது. அதற்காகக் கூட்டும் இயந்திரத்தை அமைத்தார்.

பரீட்சையில் பலர் புள்ளி இழப்பதும் இங்கேதான். கவுண்ட் பதிவுகளை எண்ணும். சம் ஒரு புலத்தின் பெறுமானங்களைக் கூட்டும். மூன்று பதிவுகளில் 22, 18, வெற்று என இருந்தால் பதிவுகள் 3, கூட்டுத்தொகை 40. பதிவே இல்லாவிட்டால் சம் தருவது பூச்சியம் அன்று, வெற்றுப் பெறுமானம். இணையச் செயலி எழுதுவோர் அதைப் பூச்சியமாக மாற்றாவிட்டால் திரையில் சம்பளக் கட்டம் வெறுமையாக நிற்கும். எல்லாப் பதிவுகளையும் செயலிக்கு இழுத்து வந்து கூட்டுவதும் வீண்வேலை. தரவுத்தளமே கூட்டி ஓர் எண்ணைத் தரட்டும்.

1896 இல் சொந்தக் கம்பனி தொடங்கிய ஹொலரித் விட்டுக்கொடுக்காதவர். வாடகைத் தகராறில் 1905 இல் குடிசன மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து இயந்திரங்களைத் திரும்பப் பெற்றார். 1911 இல் கம்பனி வேறு கம்பனிகளுடன் இணைந்தது. 1924 இல் அது ஐ.பி.எம். எனப் பெயர் பெற்றது. அவர் 1929 நவம்பர் 17 இல் வொஷிங்டனில் காலமானார். இன்று சம் என்று நாம் எழுதும் எஸ்.கியூ.எல். மொழி, 1970களில் அதே ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் உருவானது.