வீணான புகையை வேலை வாங்கியவர்

டீசல் எஞ்சின் கக்கும் புகையோடு எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பங்கு வெளியேறி வீணாகிறது. அந்தப் புகையையும் உழைக்க வைத்தவர் ஆல்ஃபிரட் பியூக்கி.

சுவிட்சர்லாந்து நாட்டின் விண்டர்தூர் நகரில் 1879ஆம் ஆண்டு பிறந்த இவர், சூரிச்சில் பொறியியல் பயின்றார். சூடான புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பொருத்திய விசிறியால் எஞ்சினுக்குள் அதிகக் காற்றை அழுத்திச் செலுத்தலாம் என்று கண்டு, 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காற்று மிகுந்தால் கூடுதல் எரிபொருள் எரியும். எஞ்சினின் ஆற்றலும் பெருகும்.

முதற்சோதனைகள் கைகொடுக்கவில்லை. ஆயினும் அவர் மனந்தளரவில்லை. இருபது ஆண்டு உழைப்புக்குப் பின், 1925இல் வெற்றி கிட்டியது. இரண்டு ஜெர்மானியக் கப்பல்களில் 1,750 குதிரைத்திறன் தரக்கூடிய எஞ்சின்கள் 2,500 தந்தன.

பியூக்கி 1959இல் மறைந்தார். லாரிகளில் இன்று நாம் காணும் 'டர்போ' என்ற சொல் அவருடைய உழைப்பின் நினைவே. பிறர் வீணென்று விட்டதில் பயன் காண்பது அறிவு. அது பலன் தரும்வரை சோராது உழைப்பது அதனினும் பெரிது.