டென்னிஸ் ரிட்சி: ஒரே புரோகிராம் எல்லா கம்ப்யூட்டரிலும் ஓட வழி செய்தவர்

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், கன்டெய்னர் லாரி வரிசை எங்கே முடியும் என்று சொல்லவே முடியாது. ஆனா டிராஃபிக்கில் நிற்கும்போது அந்தப் பெட்டிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எந்த நாட்டில் சரக்கு ஏற்றியிருந்தாலும் நீளம் பெரும்பாலும் 20 அடி அல்லது 40 அடிதான். எட்டு மூலைகளிலும் ஒரே மாதிரி துளை போட்ட இரும்பு. அதனால் கப்பல், ரயில், லாரி என எதில் வைத்தாலும் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் சரக்கைத் தொடவே வேண்டாம். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983-ல். அதற்கு முன்பு பெரும்பாலும் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கியதுதான்.

மென்பொருள் உலகத்திலும் இப்படி ஒரு 'மூட்டை தூக்கும் காலம்' இருந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டம் இன்னொரு கம்ப்யூட்டரில் ஓடாது. புது மெஷின் வாங்கினால் எல்லாத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அந்த நிலைமையை மாற்றியதில் பெரிய பங்கு டென்னிஸ் ரிட்சி என்ற அமைதியான மனிதருக்கு உண்டு. இன்று டெவலப்பர்கள் தினமும் பார்க்கும் ஹெட்டர் ஃபைல், கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் இதெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேடினால், அவருடைய வாழ்க்கையில்தான் போய் நிற்கும்.

பட்டம் வாங்காத ஆராய்ச்சியாளர்

ரிட்சி பிறந்தது 1941 செப்டம்பர் 9, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிராங்ஸ்வில்லில். வளர்ந்தது நியூஜெர்சியில். அப்பா அலிஸ்டர் ரிட்சி, பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. டெலிபோன் ஸ்விட்ச்சிங் சர்க்யூட் பற்றிய புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவர்.

மகன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தார். அதே இடத்தில் பயன்பாட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சிக்கும் சேர்ந்தார். 1967-ல் அப்பா வேலை பார்த்த அதே பெல் லேப்ஸில் வேலை. 1968-ல் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் எழுதி முடித்துவிட்டார். ஆனா பைண்டிங் செய்த பிரதியை முறைப்படி ஒப்படைக்கவில்லை. அதனால் பட்டம் வரவே இல்லை. பல வருடம் காணாமல் போயிருந்த அந்த ஆய்வேட்டின் பிரதி 2020-ல்தான் பொதுவெளிக்கு வந்தது.

யூனிக்ஸ் எப்படிப் பிறந்தது?

அப்போது பெல் லேப்ஸ், எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்ட ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. வேலை இழுத்துக்கொண்டே போனது. 1969-ல் பெல் லேப்ஸ் அதிலிருந்து விலகிவிட்டது.

சும்மா இருக்க முடியாத கென் தாம்சன், யாரும் அதிகம் சீண்டாத ஒரு பழைய பிடிபி-7 கம்ப்யூட்டரில் சின்னதாக ஒரு சிஸ்டத்தை எழுதினார். அதுதான் யூனிக்ஸ். ரிட்சியும் அதில் சேர்ந்துகொண்டார். அடுத்து பிடிபி-11 என்ற புது மெஷின் வந்தது. அங்கேதான் பிரச்சினை ஆரம்பம். முதல் யூனிக்ஸ் முழுக்க அசெம்பிளி மொழியில் இருந்தது. அதாவது, அந்த ஒரு மெஷினுக்குப் புரியும் கட்டளைகள் மட்டும். மெஷின் மாறினால் அத்தனையும் குப்பை.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973-ல் ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370/155 கம்ப்யூட்டர் வந்தது. அதன் கட்டளைகள் வேறு, பிடிபி-11-ன் கட்டளைகள் வேறு. ஒன்றுக்கு எழுதிய அசெம்பிளி மற்றொன்றுக்குப் புரியாது. ஃபோர்ட்ரான், கோபால் போன்ற பொது மொழிகள் அப்போதே இருந்தன. ஆனா அவை கணக்குப் போடவும் பில் போடவும்தான் உதவின. ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுத மெஷினின் மெமரியை நேரடியாகத் தொட்டாக வேண்டும். அதற்கு அசெம்பிளியை விட்டால் வழி இல்லை என்பதுதான் பலருடைய நம்பிக்கை.

பி-க்கு அடுத்து சி

தாம்சன் ஏற்கெனவே 'பி' என்று ஒரு சின்ன மொழி வைத்திருந்தார். அதற்கு எல்லாமே ஒரே அளவுதான். எண்ணா, எழுத்தா என்ற வித்தியாசம் தெரியாது. பிடிபி-11-ல் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி உண்டு என்பதால் பி மொழி அங்கே திணறியது.

ரிட்சி அதற்கு வகைகளைச் சேர்த்தார். இது முழு எண், இது எழுத்து, இது மெமரி முகவரி என்று பிரித்துச் சொல்லும் வசதி. 1972 வாக்கில் அது 'சி' என்ற தனி மொழியாகிவிட்டது. மெஷினுக்கு நெருக்கமாகவும் இருக்கும், அதே சமயம் எந்த ஒரு மெஷினுக்கும் அடிமையாகவும் இருக்காது. 1973-ல் யூனிக்ஸின் மையப் பகுதியையே சி மொழியில் திருப்பி எழுதினார்கள்.

ஹெட்டர் ஃபைல் எதற்கு?

கிட்டத்தட்ட அதே காலத்தில் சி மொழிக்குள் இன்னொன்றும் வந்தது: ப்ரீபிராசசர். புரோகிராமைக் கம்பைல் செய்வதற்கு முன்பு, வேறொரு ஃபைலில் இருப்பதை அப்படியே உள்ளே கொண்டுவந்து சேர்க்கும் வேலை அதற்கு. அப்படிச் சேர்க்கப்படுவதுதான் ஹெட்டர் ஃபைல்.

ஹோட்டல் மெனு கார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சமையல் முறை அதில் இருக்காது. என்னென்ன கிடைக்கும், எப்படிக் கேட்கணும், என்ன வரும் என்பது மட்டும் இருக்கும். சி-யில் உள்ள ஹெட்டரும் அப்படித்தான். இந்தப் பேரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, இத்தனை தகவல் கொடுக்கணும், இந்த வகையில் பதில் வரும் என்று சொல்லும்.

இதன் லாபம் மெஷின் மாறும்போது தெரியும். ஒரு கம்ப்யூட்டரில் முழு எண்ணுக்கு 16 பிட், இன்னொன்றில் 32 பிட் என்று வையுங்கள். அந்த வித்தியாசத்தை 100 ஃபைல்களில் போய்த் திருத்துவதற்குப் பதில், ஒரே ஒரு ஹெட்டரில் மாற்றினால் போதும். மற்ற 100 ஃபைல்களும் அந்த ஹெட்டரைத்தானே பார்க்கின்றன!

1977: நிஜமான பரீட்சை

இதுவரை எல்லாம் சரி. ஆனா யூனிக்ஸ் அப்போதும் பெரும்பாலும் பிடிபி குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. வேறு கம்பெனி மெஷினுக்குப் போகுமா என்று பார்க்க, ரிட்சியும் சக ஆராய்ச்சியாளர் ஸ்டீவ் ஜான்சனும் 1977-ல் இன்டர்டேட்டா 8/32 என்ற 32 பிட் கம்ப்யூட்டரில் வேலையைத் தொடங்கினார்கள். கென் தாம்சனும் உடன் இருந்தார். பிடிபி-11-க்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத மெஷின் அது.

அப்போதுதான் பழைய கோடில் எத்தனை இடத்தில் மெஷினை நம்பி எழுதியிருக்கிறார்கள் என்பது வெளியே வந்தது. எண்ணும் முகவரியும் ஒரே அளவு என்று நினைத்துக்கொண்டு எழுதிய வரிகள் பல. பைட்டுகளை அடுக்கும் வரிசையும் இரண்டு மெஷினிலும் நேர் எதிர். யு, என், ஐ, எக்ஸ் என்று வர வேண்டிய நான்கு எழுத்து என், யு, எக்ஸ், ஐ என்று இடம் மாறிவிடும். இதற்கு புரோகிராமர்கள் 'நக்ஸி' பிரச்சினை என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

தப்பை மூடி மறைக்காமல், இருவரும் மொழியையே இறுக்கினார்கள். வகைகளைக் கலந்து எழுதுவதைக் கட்டுப்படுத்தினார்கள். ஜான்சன், வேறு மெஷினுக்கு எளிதாக மாற்றக்கூடிய கம்பைலரை எழுதினார். யூனிக்ஸ் புது மெஷினில் ஓடியது. அதே 1977-ல் ஆஸ்திரேலியாவின் வோலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் என்பவரும், இன்டர்டேட்டா 7/32 மெஷினுக்கு யூனிக்ஸைத் தனியாகக் கொண்டுபோயிருந்தார்.

1978-ல் இந்த அனுபவத்தை ஜான்சனும் ரிட்சியும் கட்டுரையாக எழுதினார்கள். அதே வருடம் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து ரிட்சி எழுதிய சி மொழிப் புத்தகமும் வந்தது. கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கு இன்றும் அது 'கே அண்ட் ஆர்' தான். 1983-ல் தாம்சனுக்கும் ரிட்சிக்கும் டூரிங் விருது கிடைத்தது.

ஒன்று பலவாகப் பிரிந்தபோது

யூனிக்ஸ் எல்லா மெஷினுக்கும் போனது. அதுவே புதுத் தலைவலி ஆனது. பெர்க்லி பல்கலைக்கழகம் ஒரு யூனிக்ஸ், ஏடி அண்ட் டி ஒரு யூனிக்ஸ், கம்ப்யூட்டர் கம்பெனி ஒவ்வொன்றும் தனித்தனி யூனிக்ஸ் என்று கிளம்பிவிட்டன. ஒரு சரத்தில் எழுத்தைத் தேடும் ஃபங்ஷனுக்குப் பெர்க்லியில் 'இண்டெக்ஸ்' என்று பேர், இன்னொரு பக்கம் 'எஸ்டிஆர்சிஹெச்ஆர்'. ஹெட்டர் ஃபைல் பேர்கூட ஒரு எழுத்து மாறியது. மொழி ஒன்று, ஊருக்கு ஊர் பேச்சு வேறு!

மொழிக்குப் பொது விதி வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு தரக்குழு உட்கார்ந்தது. 1988-ல் அந்தக் குழு 'நோஏலியாஸ்' என்று ஒரு புது அம்சத்தைச் சேர்க்கப் பார்த்தது. பொதுவாகக் குரல் உயர்த்தாத ரிட்சி, அது சி மொழிக்கு ஆபத்து என்று காட்டமாகவே கடிதம் எழுதினார். குழு அதை எடுத்துவிட்டது. 1989-ல் ஆன்சி சி தரம் வெளியானது.

கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது?

மொழிக்குத் தரம் வந்தாலும் சிஸ்டங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் போகவில்லை. எந்த மெஷினில் எது இருக்கிறது என்று டெவலப்பர் எப்படி நினைவில் வைத்திருப்பார்? 1980களில் லாரி வால் தன் நியூஸ் ரீடருக்கு, மெஷினையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினார். 1991-ல் டேவிட் மெக்கென்சி க்னூ திட்டத்துக்காக ஆட்டோகான்ஃப் கருவியைத் தொடங்கினார். இவை ரிட்சி செய்தவை அல்ல. ஆனா அவர் திறந்துவிட்ட கதவின் வழியாக வந்த தேவைகள்.

வேலை நடக்கும் விதம் இதுதான்:

- டெவலப்பர் தனக்கு என்னென்ன வேண்டும் என்று சில வரிகள் எழுதுவார். அதை ஆட்டோகான்ஃப் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஷெல் ஸ்கிரிப்ட்டாக விரிக்கும். அதுதான் 'கான்ஃபிகர்'.
- ஷெல் எல்லா யூனிக்ஸிலும் இருக்கும். அதனால் மென்பொருளை இறக்குபவர் ஆட்டோகான்ஃப் வைத்திருக்கத் தேவையில்லை.
- கான்ஃபிகர் ஓடும்போது குட்டிக் குட்டி சி புரோகிராம்களை எழுதி, கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆனால் அந்த வசதி இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.
- கிடைத்த பதில்களை 'கான்ஃபிக் டாட் ஹெச்' என்ற ஹெட்டர் ஃபைலில் எழுதிவைக்கும். எதை எந்த வரிசையில் கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலையும் தயார் செய்யும்.

மெஷினின் பேரைக் கேட்டு ஊகிக்காமல், அதையே சோதித்துப் பார்ப்பதுதான் இதன் அடிப்படை. பின்னாளில் சிமேக் போன்ற கருவிகள் வந்தன. வழி கொஞ்சம் மாறியது, கேள்வி அதேதான்.

2024-ல் வந்த எச்சரிக்கை

ஆயிரக்கணக்கான வரி ஸ்கிரிப்ட்டை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? இந்தக் கேள்வியை ஒருவர் தவறாகப் பயன்படுத்தினார். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கான்ஃபிகர் செய்யும் கட்டத்தில் திருட்டுக் கோடை நுழைக்கும் வரிகள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. பொதுவில் எல்லோரும் பார்க்கும் கோடில் அந்தத் தூண்டில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும்தான் இருந்தது. ரிமோட் லாகின் வழக்கத்தைவிட சுமார் அரை வினாடி அதிகமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற இன்ஜினியர் தோண்டிப் பார்த்ததால், மார்ச் 29 அன்று விஷயம் வெளியானது. உலகம் முழுக்க உள்ள சர்வர்களுக்குப் போவதற்குள் பிடிபட்டது.

கன்டெய்னர் மாதிரியேதான் இதுவும். பெட்டியைத் திறக்காமல் எங்கும் அனுப்ப முடிவது பெரிய வசதி. யாரும் திறந்து பார்க்காததே ஆபத்தாகவும் ஆகலாம்.

சத்தமில்லாத விடைபெறல்

ரிட்சி பிறகு பிளான் 9, இன்ஃபெர்னோ என்ற ஆபரேட்டிங் சிஸ்டங்களிலும் வேலை செய்தார். 2007-ல் ஓய்வு. 2011-ல் தாம்சனோடு சேர்ந்து ஜப்பான் பரிசு. அதே வருடம் அக்டோபர் 12 அன்று, நியூஜெர்சியில் தனியாக வசித்த வீட்டில் அவர் இறந்துகிடந்தது தெரியவந்தது. வயது 70. ஒரு வாரம் முன்புதான் ஸ்டீவ் ஜாப்ஸ் காலமாகி, உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ரிட்சியின் செய்தி பலருக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஆனா ஐபோனின் சிஸ்டம் யூனிக்ஸ் வழி வந்தது. ஆண்ட்ராய்டின் அடியில் உள்ள லினக்ஸ் கர்னலில் பெரும்பகுதி சி. இந்தக் கட்டுரையை எந்த போனில் படித்தாலும் அதில் அவருடைய வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை ஒரு மென்பொருளை நிறுவும்போது, டெர்மினலில் 'செக்கிங்' என்று தொடங்கும் வரிகள் வரிசையாக ஓடினால் எரிச்சல்படாமல் ஒரு நிமிடம் பாருங்கள். உன் முழு எண்ணுக்கு எத்தனை பிட், பைட்டுகளை எந்த வரிசையில் அடுக்குகிறாய் என்று உங்கள் மெஷினை அது கேட்டுக்கொண்டிருக்கும். 1977-ல் ரிட்சியும் ஜான்சனும் கையால் தேடிக் கண்டுபிடித்த அதே கேள்விகள்தான்.