பாட்டே இல்லாத படம் எடுத்த வீணை வித்வான்

"டுமீல்!"

படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது. குண்டு பாய்ந்து கதாநாயகன் சுருண்டு விழுகிறான். அவன் கதை அதோடு முடிந்தது!

செத்து விழுந்தவர் யார் தெரியுமா? சிவாஜி கணேசன்!

அந்தப் படத்தின் பெயர் "அந்த நாள்". 1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி வெளிவந்தது. அதில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. பாட்டுக்காகவே ஜனங்கள் படம் பார்த்த காலம் அது. இப்படித் துணிந்தவர் சங்கீதம் அறியாதவரா? அதுதான் இல்லை. அவர் வீணை வித்வான் எஸ். பாலச்சந்தர்!

கஞ்சிரா சிறுவன்

1927-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி சென்னையில் பிறந்தவர் பாலச்சந்தர். தகப்பனார் சுந்தரம் அய்யர், வக்கீல். 1934-ல் வந்த "சீதா கல்யாணம்" படத்தில் குடும்பமே நடித்தது. தகப்பனார் ஜனகர், அண்ணன் ராஜம், ராமர், சகோதரி ஜெயலட்சுமி, சீதை. சிறுவன் பாலச்சந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தான்.

பின்னர் குரு இல்லாமலே வீணை பயின்றார். சினிமாவில் நடித்தார்; இசை அமைத்தார்; டைரக்டரும் ஆனார்.

ஜப்பான் படம்

அகிரா குரோசவா எடுத்த "ராஷோமான்" என்ற ஜப்பானியப் படத்தைப் பாலச்சந்தர் பார்த்தார். நடந்தது ஒரு சாவு. அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். இந்த முறை அவர் மனதைப் பற்றிக்கொண்டது.

அதே முறையில் ஒரு நாடகம் எழுதி ரேடியோவுக்குக் கொடுத்தார். அது திரும்பி வந்துவிட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் போய்க் கதையைச் சொன்னார். செட்டியார் படம் எடுக்கச் சம்மதித்தார். அப்போது பாலச்சந்தருக்கு 27 வயதுகூட ஆகவில்லை.

கொலையாளி யார்?

2-வது உலகப் போர் சமயம். சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட 1943-ம் ஆண்டு. ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி என்று 5 பேர் மீது சந்தேகம். துப்பறியும் அதிகாரி விசாரிக்க விசாரிக்க, ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார்!

மாருதி ராவின் காமிரா மாயம் செய்தது. பாதி முகம் வெளிச்சத்தில், பாதி முகம் இருட்டில். யாரை நம்புவது? பாட்டு செய்ய வேண்டிய வேலையை நிழலே செய்தது. அமெரிக்காவில் அந்நாளில் வந்த குற்றப் படங்களின் பாணி அது. ஆனால் கதையும் மனிதர்களும் நம்முடையவர்கள்.

வசூல் இல்லை

பாட்டை எதிர்பார்த்து வந்த ரசிகர்கள் ஏமாந்தார்கள். வசூல் குறைந்தது. ஆனால் மத்திய அரசு, சிறந்த தமிழ்ப் படங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்துத் தகுதிச் சான்றிதழ் வழங்கியது.

பாலச்சந்தர் மர்மக் கதைகளை விடவில்லை. 1962-ல் "அவனா இவன்", 1964-ல் "பொம்மை" எடுத்தார். "பொம்மை"யில் ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு! ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவி எடுத்த "நடு இரவில்" 1970-ல் வந்தது. பிறகு சினிமாவை விட்டு, வீணையோடு உலகைச் சுற்றினார். 1982-ல் "பத்மபூஷண்" பட்டம் பெற்றார்.

1990-ம் ஆண்டு பிலாய் நகரில் பாலச்சந்தர் காலமானார். அன்று தேதி ஏப்ரல் 13. "அந்த நாள்" வெளிவந்ததும் அதே நாள்தான்!

அன்று ஓடாத அந்தப் படத்தைத்தான், தமிழில் வந்த சிறந்த மர்மப் படங்களில் ஒன்று என்று இன்றும் ரசிகர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.